ரெண்டு தரத்தில் நின்ற ஏலம்

சிப்பிமுனைப் பிள்ளைகள் ஒன்று, இரண்டு, நான்கு என்று எண்ணி வளர்ந்த வருஷங்கள் உண்டு. வாத்தியார்களைக் குறை சொல்லிப் பயனில்லை, ஊரே அப்படித்தான் எண்ணியது, மளிகைக் கடைக்காரர் முட்டையை அப்படித்தான் எண்ணிக் கொடுத்தார், பஸ் கண்டக்டர் மட்டும் வெளியூர்க்காரர் என்பதால் வாய்தவறி அந்த எண்ணைச் சொல்லிவிட்டு பஸ்ஸிலிருந்த அத்தனை பேரிடமும் முறைப்பு வாங்கினார். எல்லாவற்றுக்கும் காரணம் சலேத்தம்மாளின் தொண்டை. அந்தத் தொண்டைக்குள் ஒரு சொல் ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்தது, அது வெளியே விழுந்தால் ஊரின் குடத்திலும் டிரம்மிலும் தொட்டியிலும் இருந்த மீனெல்லாம் அந்த நொடியே அடுத்தவனுடையதாகிவிடும்.

சலேத்தம்மாள் சிப்பிமுனைக் கரையில் மீன் ஏலம் கூறுகிறவள். வள்ளம் கரையேறி, மீனை மணலில் கூறு கூறாகக் கொட்டியதும், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நடுவில் வந்து நிற்பாள், ஒரு மீனைத் தூக்கிச் செவுளை விரித்துச் சிவப்பைப் பார்ப்பாள், கண்ணைப் பார்ப்பாள், விலையை ஆரம்பித்து வைப்பாள், அப்புறம் அலைச்சத்தத்தை அமுக்குகிற குரலில் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம், அவ்வளவுதான், மீன் போய்விடும். அவள் கையில் பட்ட மீன் மறுநாள் சூரியனைப் பார்த்ததில்லை. மீன் என்றால் விற்க வேண்டும், உடனே விற்க வேண்டும், ஐஸ் உருகுவதற்குள் விற்க வேண்டும், இதைத் தவிர வேறு புத்தி அவளுக்குச் சொல்லத் தெரியாது. அதோடு அவள் வாய் பாதியில் நிற்காத வாய். எங்கேயாவது யாராவது ஒண்ணு, ரெண்டு என்று ஆரம்பித்தால் போதும், தெருவில் போகிற சலேத்தம்மாளின் வாய் தானாக மூணு என்று முடித்து வைக்கும், அதை வைத்து அவளைக் கேலி செய்யாத ஆள் அந்தக் கரையில் இல்லை.

கரையேறிய மீனுக்கெல்லாம் விலை சொன்னவளுக்குத் தன்னுடையது என்று சொல்ல ஒரு சாளைகூட இருந்ததில்லை. சொந்தமாக ஒரு வள்ளம் வேண்டும், அதில் படுகிற மீனைத் தன் வாயாலேயே ஏலம் கூற வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. கணவர் பவுலுக்குக் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே தலை சுற்றும், அதனால் அவர் கடலுக்கு முதுகைக் காட்டி ஒரு டீக்கடை போட்டிருந்தார். வள்ளத்துக்கான காசைச் சலேத்தம்மாள்தான் வருஷக்கணக்காகச் சேர்த்தாள்.

கதை இனி மேலே போவதற்கு முன்னால் சிப்பிமுனைக் கரையின் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். கூறு கொட்டும்போது கரையில் நில்லாதவன் அதற்கு விலை கேட்கக் கூடாது. கேட்ட விலையைக் கேட்டவன் திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏலம் கூறுகிறவள் மூணு தரம் என்று சொல்லும்வரை அவன் கரையை விட்டுப் போகவும் கூடாது. வள்ளம் தள்ளத் தோள் கொடுத்தவன் அந்த வள்ளத்து மீனுக்கு விலை கேட்கக் கூடாது, அவன் பங்குக்காரன், அவனுக்குப் பங்கு உண்டு, முன்னால் அவன் கேட்டு வைத்த விலை ஏதாவது இருந்தாலும் தோள் பட்ட நேரத்திலேயே அது செத்துப்போகும். போலீஸ் ஸ்டேஷன் சட்டத்தை மீறியவர்கள் சிப்பிமுனையில் உண்டு, கரைச் சட்டத்தை மீறியவர்கள் இல்லை.

அந்தக் கரைக்கு ஒருநாள் ஜோவிட்டா திரும்பி வந்தாள். உள்ளூர்ப் பெண், புனேயில் ஒரு பெரிய பேட்டரிக் கம்பெனியில் வேலை பார்த்தவள், அதை விட்டுவிட்டு வந்து, உப்பளத்துக்குப் பக்கத்தில் பாழடைந்து கிடந்த உப்பு மூட்டைக் கிட்டங்கியைப் பிடித்து, வாசலில் டால்பினுக்குக் கரையில் சொல்கிற பேரிலேயே ‘ஓங்கல் பேட்டரி’ என்று போர்டு மாட்டினாள். உப்பிலிருந்து பேட்டரி செய்யப் போகிறாள், அந்தப் பேட்டரியில் வள்ளம் ஓடப் போகிறது, மண்ணெண்ணெய் வேண்டாம், டீசல் வேண்டாம், சத்தமும் இருக்காது. பாங்குக்காரர்கள் அவளுக்கு நாற்காலி போட்டு, காபி கொடுத்து, அனுப்பி வைத்தார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மைக்கில் அறிவிக்கச் சொன்னாள்: சாயங்காலம் பங்கு விஷயமாகக் கூட்டம், எல்லோரும் வர வேண்டும்.

ஊரே திரண்டு வந்தது. அவர்களுக்குப் பங்கு என்றால் கோயில் பங்கு, மாதா கோயிலும் அதைச் சேர்ந்த குடும்பங்களும், வேறென்ன, திருவிழாவுக்கு வரி போடப் போகிறார்கள் என்று நினைத்துக் காசோடு வந்து உட்கார்ந்தார்கள். பங்குச்சாமி இஞ்ஞாசியும் அப்படித்தான் நினைத்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ஜோவிட்டா பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் இது கம்பெனிப் பங்கு என்று விளங்கியது, ஆனால் வந்தவர்கள் எழுந்து போகவில்லை, ஏனென்றால் பங்கு பிரிப்பதில் சிப்பிமுனைக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது.

“வள்ளத்துக்கு எத்தனை பங்கு, வலைக்கு எத்தனை, ஆளுக்கு எத்தனை? மொதல்ல அதைச் சொல்லு பிள்ள,” என்றார் கஸ்பார், இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், எதையும் முதலில் எதிர்க்கிறவர்.

“இங்க கம்பெனிதான் மாமா வள்ளம். நீங்க எல்லாரும் ஆளுக்கொரு கை தள்ளுதீங்க. மீன் பட்டா எல்லாருக்கும் பங்கு.”

“மாதாவுக்கு?”

புனேயில் யாரும் ஜோவிட்டாவை இப்படிக் கேட்டதில்லை. “மாதாவுக்கும் ஒரு பங்கு,” என்றாள்.

“எப்போ மீன் படும்?” இது சலேத்தம்மாள்.

“அஞ்சு வருஷம் ஆவும் அத்தை. ஆறும் ஆவலாம், ஏழும் ஆவலாம்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் வலையை எடுக்கப்படாது.”

கூட்டம் சிரித்தது, சலேத்தம்மாள்தான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஜோவிட்டா மேஜைமேல் வைத்திருந்த சின்ன மின்விசிறியைப் பார்த்தாள். ஒரு கண்ணாடிப் புட்டியில் உப்பும் கருப்பு மாவும் அடைத்து, அதிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து விட்டிருந்தாள் அந்தப் பெண், கூட்டம் தொடங்கியதிலிருந்து அந்த விசிறி நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. வள்ளம் வாங்கினால் இன்றைக்கு ஒரு வள்ளம், இந்தப் பெண் சொல்வது நடந்தால் கடலில் ஓடுகிற ஒவ்வொரு வள்ளத்திலும் எனக்கு ஒரு துண்டு, என்று நினைத்ததும் சலேத்தம்மாள் வீட்டுக்கு ஓடினாள். வள்ளக் காசு முழுவதையும் எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள், அவளே வைத்துவிட்டாள் என்றதும் ஊரும் வைத்தது, எதிர்த்துப் பேசி முடித்துவிட்டு கஸ்பாரும் வைத்தார்.

மறுநாள் காலையில் பவுல் தண்ணீர் மொள்ளக் குடத்துக்குள் செம்பை விட்டார், செம்பில் ஒரு மீன் வந்தது.

நெத்திலி அளவுதான் இருந்தது. வெள்ளி உடம்பு, முதுகில் நீலமாக ஒரே ஒரு கோடு. பவுல் அதைத் திரும்பக் குடத்தில் விட்டுவிட்டு, வேறு பாத்திரத்திலிருந்து தண்ணீர் எடுத்து அடுப்பில் வைத்துவிட்டு, “உன்னைப் பாக்க ஒரு ஆள் வந்துருக்கு,” என்று மனைவியை எழுப்பினார். அன்று காலை காசு போட்ட எல்லா வீட்டுக் குடத்திலும் ஒரு மீன் இருந்தது, போடாத வீட்டில் இல்லை, கோயிலில் தீர்த்தத் தொட்டியில் மாதாவின் பங்கு நீந்திக்கொண்டிருந்தது. மீன் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பங்கு என்றால் மீன், மீன் வரவில்லை என்றால்தான் கேட்டிருப்பார்கள். அவர்களைக் குழப்பியது வேறு விஷயம், இது என்ன மீன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பாரை இல்லை, சீலா இல்லை, ஊளி இல்லை, இருட்டில் தொட்டுப் பார்த்தே மீனுக்குப் பேர் சொல்கிற மனிதர்கள் குடத்தைச் சுற்றி உட்கார்ந்து அரை நாள் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் பங்குமீன் என்று பேர் வைத்தார்கள்.

இரை போட்டால் தொடவில்லை. ஜோவிட்டாவின் கிட்டங்கியில் வேலை நன்றாக நடந்தால் மீன் வளர்ந்தது, கெட்டால் இளைத்தது. புது மெஷின் வந்த வாரம் விரல் நீளம் ஆயிற்று, கரண்ட் கம்பெனியோடு தகராறு வந்தபோது துடைப்பக் குச்சியாயிற்று. ஊர் சும்மா இருக்குமா, எழுந்ததும் குடம், சாப்பிட்டதும் குடம், வாசல் தெளிப்பதற்கு முன்னால் ஒரு தடவை, தெளித்த பிறகு ஒரு தடவை என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்து, பாதிப் பேருக்குக் கழுத்து வலி வந்தது, மீதிப் பேருக்கு மயக்கம் வந்தது. பங்குச்சாமி இஞ்ஞாசிக்கு நாள் முழுக்க ஆட்கள். பங்குச்சாமி என்று பேர் வைத்துக்கொண்டு பங்கைப் பற்றித் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? “சாமி, நேத்து ஒரு சாண் இருந்தது, இன்னைக்கு முக்கால் சாண்தான் இருக்கு, வித்துரவா?” அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு பிரசங்கத்தில் சொன்னார், இனிமேல் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு ஒரு தடவைதான் மூடியைத் திறக்கலாம், மற்ற நாளில் திறப்பது பாவமா என்று என்னைக் கேட்காதீர்கள், கழுத்து வலிக்கு என்னிடம் வராதீர்கள். கழுத்து வலி ஊரை விட்டுப் போயிற்று.

சலேத்தம்மாளுக்கு மட்டும் வேறு வியாதி. மீனைப் பார்த்தால் தொண்டை அரிக்கும். கண்ணெதிரே ஒரு மீன் விற்காமல் இருக்கிறது, நேற்றும் இருந்தது, நாளைக்கும் இருக்கப் போகிறது, அவளால் தாங்க முடியவில்லை. குடத்துமேல் இட்லிச்சட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள். சோறு வடிக்கும்போது வாய்க்குள்ளேயே விலை ஓடும், பவுல் உடனே ஒரு டம்ளர் வெந்நீர் நீட்டுவார்.

இரண்டாம் வருஷம் ஜோவிட்டா தன் பேட்டரியைக் கஸ்பாருடைய வள்ளத்தில் பொருத்திக் கடலில் இறக்கினாள். ஊரே கரையில் நின்றது. சத்தமில்லாமல் வள்ளம் போனதைப் பார்த்துப் பெண்கள் குலவை போட்டார்கள், குலவை அடங்குவதற்குள் நடுக்கடலில் வள்ளம் நின்றது. பெட்டிக்குள் ஈரம் இறங்கிப் பேட்டரி வீங்கிவிட்டது. வேறொரு வள்ளம் போய்க் கயிறு கட்டி இழுத்து வந்தது, கஸ்பார் வாழ்க்கையில் முதன்முறையாக யாரையும் எதிர்க்காமல் வீட்டுக்குப் போனார். பட்டணத்தில் காசு போடுவதாகச் சொல்லியிருந்த பெரிய மனிதர் மனம் மாறிவிட்டார் என்று அடுத்த வாரம் செய்தி வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை, இருந்தாலும் எல்லோரும் மூடியைத் திறந்தார்கள். ஒரு சாண் வளர்ந்திருந்த மீனெல்லாம் திரும்ப நெத்திலியாகிக் குடத்தின் அடியில் கிடந்தன.

அப்போது ஒரு வேன் வந்தது. அதில் பிளாஸ்டிக் தொட்டிகளும் ஆக்சிஜன் சிலிண்டரும் இருந்தன, முன் சீட்டிலிருந்து சலவைச் சட்டை போட்ட குணசீலன் இறங்கினான். மதுரைப் பக்கம், ஒரு முதலாளிக்காக ஊர் ஊராகப் போய் நொடித்த கம்பெனிகளின் பங்குகளை அடிமாட்டு விலைக்கு வாங்குகிற ஏஜெண்ட். போட்டதில் பாதி தருகிறேன், மொத்தமாகத் தர வேண்டும் என்றான். ஊர் பயந்து போயிருந்தது. பாதியாவது வரட்டும் என்று குடங்களைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்து, கோயில் சமையலுக்கு வைத்திருந்த பெரிய அண்டாவில் எல்லா மீனையும் ஒரே கூறாகக் கொட்டினார்கள், மாதாவின் மீனையும் இஞ்ஞாசி சாமி கையில் ஏந்திக்கொண்டு வந்து சேர்த்தார். மீன் விற்பதென்றால் கரைச் சட்டப்படிதான் விற்க வேண்டும். ஏலம் கூறச் சலேத்தம்மாளைக் கூப்பிட்டார்கள்.

ஜோவிட்டா தள்ளி நின்றாள். கண் சிவந்திருந்தது. சலேத்தம்மாள் அவளைப் பார்த்து, “நீ என்ன பிள்ள சொல்லுத?” என்று கேட்டாள்.

“பெட்டி மூடுன விதந்தான் தப்பு அத்தை. பேட்டரி தப்பில்ல. சரி பண்ணிருவேன். ஆனா எப்போன்னு சொல்லத் தெரியல. உங்க காசு, உங்க இஷ்டம்.”

சலேத்தம்மாள் சேலையைச் செருகிக்கொண்டாள். பாதி வந்தால் வள்ளம் கிடையாது, இனிமேல் சேர்ப்பதற்கு வயதும் கிடையாது, அது அவளுக்குத் தெரியும், ஆனாலும் வாய் அதன் வேலையைத் தொடங்கிவிட்டது. குணசீலன் பாதி விலையைக் கேட்டான். அதற்குமேல் கேட்க ஆளில்லை, ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் பங்குக்காரர்கள். “ஒரு தரம்,” என்றாள், அலை அடங்கிற்று. “ரெண்டு தரம்,” என்றாள். சொல்லிக்கொண்டே, வழக்கம் விடாமல் கை அண்டாவுக்குள் போய் ஒரு மீனைத் தூக்கிச் செவுளை விரித்தது.

சிவப்பு. அப்போதுதான் தூண்டிலில் ஏறிய மீனுக்குக்கூட அப்படி ஒரு சிவப்பு அவள் பார்த்ததில்லை. இரண்டு வருஷமாகக் குடத்தில் கிடந்த மீன். கண் கண்ணாடியாக இருந்தது, விரலால் அழுத்தினால் சதை எழும்பி வந்தது. நாறுகிற மீனை அவசரமாக விற்கலாம், உடனே விற்கலாம், ஐஸ் உருகுவதற்குள் விற்கலாம், கெடாத மீனை எதற்கு அவசரமாக விற்க வேண்டும்? இத்தனை வருஷம் கூறிய ஏலத்தில் ஒருநாளும் அவளுக்கு இந்தக் கேள்வி வந்ததில்லை, வந்ததும் சிரிப்பு வந்தது, மீனை அண்டாவில் விட்டுவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“அப்புறம்?” என்றான் குணசீலன்.

“ரெண்டு தரம் சொல்லியிருக்கேன்.”

“அடுத்ததைச் சொல்லுங்கக்கா.”

“சொல்லுவேன். சொல்லத் தோணும்போது சொல்லுவேன். அதுவரைக்கும் நீரு கரையை விட்டுப் போவப்படாது.”

குணசீலன் சிரித்தான். ஊர் சிரிக்கவில்லை. கரைச் சட்டத்தை நாலு பேர் எடுத்துச் சொன்ன பிறகு அவனும் சிரிக்கவில்லை, வேன் திரும்பிப் போயிற்று, அவன் போகவில்லை. போக முடியாது என்பது ஒரு பக்கம், போக அவனுக்கு மனசில்லை என்பது இன்னொரு பக்கம். இந்தப் பெண் வாய் தவறினால் மொத்தமும் பாதி விலைக்கு அவன் கையில். பவுலின் டீக்கடைக்குப் பின்னால் ஒரு அறை காலியாக இருந்தது, வாடகை பேசிக் குடி வந்து, கடை வாசலில் நாற்காலி போட்டுச் சலேத்தம்மாளின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். மீன்கள் அவரவர் குடத்துக்குத் திரும்பின.

இப்படித்தான் அந்த எண் சிப்பிமுனையை விட்டுப் போயிற்று. எண்ணிக்கை காதில் விழுந்தால் முடித்து வைக்கிற வாய் என்பதால், அவள் காதில் ஒண்ணு, ரெண்டு விழாமலிருக்க ஊர் காவல் காத்தது, விழுந்தால் உடனே யாராவது நாலு என்று கத்தி அடைத்தார்கள், அப்படியே அது பழக்கமாயிற்று. மற்ற மீன் ஏலத்தில் சலேத்தம்மாள் ரெண்டு தரம் சொல்லிவிட்டு உள்ளங்கையைத் தட்டினாள். ஞாயிற்றுக்கிழமை திரித்துவத்தைப் பற்றிப் பிரசங்கம் வைத்த இஞ்ஞாசி சாமி, ஒரே தேவன் என்று ஆரம்பித்து, ஆட்கள் எத்தனை என்ற இடம் வந்ததும் சலேத்தம்மாள் எந்த பெஞ்சில் இருக்கிறாள் என்று பார்த்துவிட்டு, மெதுவாக விரலைக் காட்டிச் சமாளித்தார். குணசீலனும் சும்மா இருக்கவில்லை, டீ குடிக்க வருகிறவளிடம், “அக்கா, ஒரு ஆட்டோவுக்கு எத்தனை சக்கரம்?” என்று வெள்ளந்தியாகக் கேட்பான். “ஸ்டெப்னியோட நாலு,” என்பாள் அவள். ஊரே நின்று வேடிக்கை பார்க்கும், பிறகு அவனுக்கு ஒரு வடை கொடுப்பார்கள்.

ஜோவிட்டா பெட்டியைச் சரிசெய்தாள். வள்ளத்து ஓட்டையை அடைக்கிற ஆசாரியோடு உட்கார்ந்து, அவர் காய்ச்சுகிற குங்கிலியக் கலவையையே கொஞ்சம் மாற்றிப் பேட்டரிப் பெட்டியின் விளிம்பில் பூசிப் பார்த்தாள், பல மாதம் பூசிப் பூசிப் பார்த்தாள், ஒருநாள் அந்தப் பெட்டியை ஒரு வாரம் கடலுக்குள் கிடத்திவிட்டு எடுத்தபோது உள்ளே தூசி இருந்தது. ஈரம் இல்லை, தூசி! அந்த ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்தவர்கள் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள், மீன் முழங்கை நீளம், குடத்துக்குள் திரும்ப இடமில்லாமல் வளைந்து கிடந்தது. டிரம்முக்கு மாற்றினார்கள். அடுத்த வருஷம் டிரம் போதவில்லை, கொத்தனாருக்குக் கிராக்கி வந்தது, வீட்டுக்கு வீடு சிமெண்ட் தொட்டி, மாதாவின் மீன் வாலை அடித்தால் முன்வரிசைக்காரர்கள் எல்லோருக்கும் தீர்த்தம் தெறித்தது. கடற்கரை நெடுக ஓங்கல் பேட்டரி போட்ட வள்ளங்கள் சத்தமில்லாமல் ஓட ஆரம்பித்தன, பக்கத்து ஊர்களிலிருந்து காசு மூட்டையோடு வந்தவர்களை சிப்பிமுனைக்காரர்கள் பஸ் ஸ்டாப்பிலேயே மறித்து, கூறு கொட்டும்போது நீங்கள் கரையில் நிற்கவில்லையே என்று அன்போடு விசாரித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

குணசீலனின் முதலாளி போன் செய்வதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது. சலவைச் சட்டை போய்க் கைலி வந்தது. காத்திருக்கிற நேரத்தில் கிழிந்த வலையைப் பொத்தப் பழகினான், மீன்பெயர் பழகினான், சாளைக் குழம்பில் மாங்காய் போடாவிட்டால் கோபித்துக்கொள்ளப் பழகினான். ஒருநாள் அறையைப் பெருக்கப் போன பவுல், கட்டிலுக்கு அடியில் மூடி போட்ட ஒரு பக்கெட்டைப் பார்த்தார், திறந்தார், மூடினார், வெளியே வந்து டீ ஆற்றினார். ஜோவிட்டாவிடம் ரகசியமாகப் போய்ப் பங்கு வாங்கியிருக்கிறான் பயல்! மீன் ஒரு சாண் இருந்தது. காசு கொடுத்து வாங்கிய பங்கு கேட்ட விலையைக் கொல்லாது, அதற்குத் தோள் பட வேண்டும்.

“ஞாயித்துக்கிழமைதான் தெறக்கணும் தம்பி,” என்றார் பவுல், டீயை நீட்டி. குணசீலன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஏழாம் வருஷம் மீன்கள் சினை பிடித்தன. வயிறு உப்பி, தொட்டியின் அடியில் உரசிக்கொண்டு மெதுவாக நீந்தின, ஊர் முழுக்க ஆட்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எல்லா மீனும் ஒரே நேரத்தில் சினை விட்டன, தொட்டி கொள்ளாமல் வெள்ளை வெள்ளையாக முட்டைகள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் கரைந்து காணாமல் போயின, கரையக் கரைய வீடெல்லாம் போன்கள் மணியடித்தன, ஓங்கல் பேட்டரி தன் முதல் லாபத்தில் அவரவர் பங்கை அவரவர் கணக்கில் போட்டிருந்தது. மீன் அப்படியே இருந்தது, செவுள் அப்படியே சிவந்திருந்தது. சலேத்தம்மாள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். விற்காமலே ஒரு வள்ளத்துக்குக் காசு வந்திருந்தது.

நீல வர்ணம் அடித்த புது வள்ளம், உள்ளே ஓங்கல் பேட்டரி, விளிம்பில் மஞ்சள் எழுத்தில் ‘ரெண்டு தரம்’ என்று பேர். இஞ்ஞாசி சாமி மந்திரித்தார், பவுல் கடலுக்கு முதுகைக் காட்டாமல் நின்று பார்த்தார், அதுவே ஊருக்குப் பெரிய செய்தி. கஸ்பார் முன்னால், ஜோவிட்டா நடுவில், தோள் கொடுக்கக் கொள்ளாத கூட்டம். புது வள்ளத்தை முதலில் இறக்கும்போது சொந்தக்காரர்தான் எண்ணிக்கை சொல்ல வேண்டும், சொந்தக்காரர் வாயிலிருந்து வருகிற எண்ணுக்குத்தான் வள்ளம் நகரும், அது எல்லாக் கரையிலும் உள்ள வழக்கம்.

“ஒண்ணு!” என்றாள் சலேத்தம்மாள். தோள்கள் இறுகின.

“ரெண்டு!”

அதற்கப்புறம்தான் எல்லோருக்கும் விளங்கிற்று. வள்ளம் வாங்கினார்கள், வர்ணம் அடித்தார்கள், பேர் எழுதினார்கள், இதை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. அடுத்த எண்ணைச் சொன்னால் வள்ளம் போகும், கூடவே ஊரின் அத்தனை மீனும் பாதி விலைக்குப் போகும். “நாலு!” என்று கத்திப் பார்த்தாள். வள்ளம் அசையவில்லை. பேட்டரி வள்ளம் கனம் அதிகம், ஒரே நேரத்தில் அத்தனை தோளும் தள்ளினால்தான் வரும், இவர்களோ நாலு என்றால் முந்தின எண்ணுக்கு ஒருத்தர், பிந்தின எண்ணுக்கு ஒருத்தர் என்று தள்ளினார்கள். வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள் சலேத்தம்மாள். தொண்டைக்குள் அந்தச் சொல் முட்டியது, ரெண்டு சொல்லியாயிற்று, அவள் வாய் பாதியில் நிற்காத வாய், கையால் பொத்திக்கொண்டாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூட்டம் முழுக்க டீக்கடையைத் திரும்பிப் பார்த்தது.

குணசீலன் நாற்காலியில் இருந்தான். இந்த நிமிஷத்துக்காகத்தான் அவன் ஏழு வருஷத்தில் பெரும்பகுதியைக் கழித்தான், இன்னும் ஒரு மூச்சு காத்திருந்தால் போதும், அந்தக் கை தளரும், அந்தச் சொல் விழும். அவன் எழுந்தான். கைலியை மடித்துக் கட்டினான். மணலில் இறங்கி நடந்துவந்து, கஸ்பாருக்கும் ஜோவிட்டாவுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் நின்றான்.

சலேத்தம்மாள் கையை எடுக்காமலே விரலிடுக்கில் கேட்டாள். “தம்பி, இது பங்குமீன் காசுல வந்த வள்ளம், இதுல தோளை வச்சா அந்த மீனுக்கு அன்னைக்குக் கேட்ட வெலை செத்துப் போவும். நல்லா யோசிச்சீரா?”

“கட்டிலுக்கடியில மீனை வச்சுக்கிட்டு, வாசல்ல உக்காந்து அதையே பாதி விலைக்குக் கேட்டுக்கிட்டிருக்கேன்க்கா. எனக்கே சிரிப்பா இருக்கு.” அவன் வள்ளத்தைத் தடவிப் பார்த்தான். “தள்ளுனா பங்கு உண்டுல்ல?”

“உண்டு.”

அவன் தோளை வைத்தான். ஈர வர்ணம் சட்டையில் ஒட்டியது. அந்த நொடி ஊரிலிருந்த அத்தனை தொட்டியிலும் மீன்கள் வாலை அடித்தன, கோயிலுக்குள்ளிருந்து தண்ணீர் சிதறும் சத்தம் கரைவரை கேட்டது.

சலேத்தம்மாள் வாயிலிருந்து கையை எடுத்தாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள், ஏலக் குரலில், அலையை அமுக்குகிற குரலில், ஒரு தரம், கூட்டமும் கூடச் சொல்லியது, ரெண்டு தரம், கூட்டம் மூச்சைப் பிடித்தது, ஐந்து வருஷமாக உள்ளே உட்கார்ந்திருந்தது தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

“மூணு தரம்!”

பிள்ளைகள் அந்தப் புதுச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கரை நெடுகக் கத்திக்கொண்டு ஓடினார்கள், பெரியவர்களும் வெட்கமில்லாமல் கூடக் கத்தினார்கள், மூணு, மூணு, மூணு. வள்ளம் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.